புல்லுக்கு அடியில் ஒரு நீச்சல் குளம்

எங்கள் ஊர் டாலிஸ்வில்லில், நகரப் பூங்காவின் நடுவே செவ்வகமாக ஒரு புல்தரை இருந்தது. சுற்றிலும் ஓக் மரங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். அந்தச் செவ்வகத்தில் மட்டும் ஒரு செடிகூட வேர் பிடிக்காது. அடியில் சிமெண்ட். ஒரு காலத்தில் அது நகராட்சி நீச்சல் குளம். அறுபதுகளில், கறுப்பர்களும் அதில் இறங்கலாம் என்று நீதிமன்றம் சொன்ன கோடையில், நகராட்சிக்காரர்கள் லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து கொட்டி அதை மூடிவிட்டார்கள். நாங்கள் இறங்குவதைவிட யாருமே இறங்காமல் இருப்பது மேல் என்பது அவர்கள் முடிவு. அடுத்த வருடமே ஊருக்கு வடக்கே வேலி போட்டு ஒரு கிளப் திறந்தார்கள். அங்கே குளம் இருந்தது. உறுப்பினர்களுக்கு மட்டும். உறுப்பினர்கள் யார் என்பதை அலபாமாவில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் வெர்டெல் அஸ்க்யூ. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிஸ்கா மலை பாப்டிஸ்ட் சபையின் வாசலில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நிற்பேன். வருகிறவர்களை உட்காரவைப்பது என் பொறுப்பு. பிரசங்கத்தின்போது தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புவதும்தான்.

ஜகோபி ஹாலின்ஸ் என் பஸ்ஸில் வந்த பையன். பதிமூன்று வயது. கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவான். பிரேக் பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள், இந்த பஸ் பின்னால் எத்தனை வேகத்தில் போகும், உங்களுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை. "வாயை மூடிட்டு உட்காருடா" என்று நான் தினமும் சொல்வேன். அவன் ஒரு நாளும் மூடியதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலையில், அவன் வகுப்பில் படிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பையன் தன் பிறந்தநாளுக்கு எல்லோரையும் கிளப் குளத்துக்குக் கூப்பிட்டான். ஜகோபியும் அவன் சிநேகிதர்கள் மூன்று பேரும் போனார்கள். குளத்தருகே உட்கார்ந்து காலை நனைத்திருப்பார்கள், அவ்வளவுதான். கிளப் மேனேஜர் வந்து இவர்கள் நாலு பேரிடம் மட்டும் அனுமதிச் சீட்டு கேட்டான். பிறந்தநாள் பையனின் அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மேனேஜர் போலீஸைக் கூப்பிட்டான். போலீஸ் வந்து பையன்களை வேலிக்கு வெளியே கொண்டுபோய் விட்டது. யாரோ அதைப் போனில் படம் எடுத்தார்கள். அதில் ஜகோபி திரும்பித் திரும்பி ஏதோ கேட்டுக்கொண்டே நடக்கிறான். என்ன கேட்டான் என்று படத்தில் கேட்கவில்லை.

வெயில் கொளுத்தியது. வீடு திரும்பும் வழியில் பழைய கல்குவாரி. மழைநீர் தேங்கிப் பச்சையாகக் கிடக்கும். பையன்கள் வேலிக்குக் கீழே நுழைந்தார்கள். நாலு பேரில் ஒருவனுக்கும் நீந்தத் தெரியாது. சொல்லிக்கொடுக்க எங்களுக்கு ஊரில் இடம் எங்கே இருந்தது? ஜகோபி வழுக்கி விழுந்தான். மற்றவர்கள் கரையில் நின்று கத்தினார்கள்.

அடக்க ஆராதனைக்குச் சபை நிரம்பி, ஜனங்கள் வாசலிலும் நின்றார்கள். சபைக் காரியங்களைக் கவனிக்கும் எங்கள் மூத்த டீக்கன் ஓசெல் டார்வர் முதலில் ஜெபித்தார். எண்பதை நெருங்குகிற மனிதர். எழுந்து நின்றால் தூண் மாதிரி இருப்பார். கர்த்தருக்கு ஒரு தேவதூதன் தேவைப்பட்டான், அதனால் ஜகோபியை அழைத்துக்கொண்டார் என்று அவர் ஜெபித்தார். எங்கள் சாவு வீடுகளில் காலங்காலமாகச் சொல்வதுதான். பலர் ஆமென் என்றார்கள். முன்வரிசையில் பையனின் அம்மா லட்ரீஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். ஒரே பிள்ளை.

பிறகு எங்கள் பாஸ்டர் கெத்துரா பைனம் பிரசங்க மேடைக்கு வந்தார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. எங்கள் சபையின் முதல் பெண் பாஸ்டர். குள்ளம். மேடைக்குப் பின்னால் மரப்பலகை போட்டுத்தான் நிற்பார். ஆனால் வாயைத் திறந்தால் பின்வரிசைக் குழந்தையும் அழுகையை நிறுத்தும்.

"கர்த்தர் ஜகோபியை எடுத்துக்கலை" என்றார். "அந்தப் பழியை அவர் மேல போடாதீங்க. இந்த ஊர் மண்ணைப் போட்டு ஒரு குளத்தை மூடுச்சு. இந்த ஊர் வேலி போட்டுது. இந்த ஊர் அவனைக் கையைப் பிடிச்சு வெளிய விட்டுது. அப்ப கர்த்தர் எங்க இருந்தார்னு கேக்குறீங்களா? வேலிக்கு உள்ள இல்ல. குவாரித் தண்ணிக்குள்ள இருந்தார். அவன் மூச்சு நின்னப்ப அவருக்கும் மூச்சு நின்னுது. சிலுவையில தொங்குனவருக்கு மூச்சு முட்டுறது புதுசு இல்ல."

யாரும் ஆமென் சொல்லவில்லை. சபை முழுக்க விசிறி அசைவது நின்றது. டீக்கன் ஓசெல் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. லட்ரீஸ் மட்டும் முதல் முறையாகத் தலையைத் தூக்கினாள்.

அதற்குப் பிறகு ஊர் கொதித்தது. அந்தப் படத்தை நாடே பார்த்தது. இமாரி என்றொரு பெண், கல்லூரி முடித்துத் திரும்பியவள், பிள்ளைகளைத் திரட்டி நகராட்சி அலுவலகத்துக்கு ஊர்வலம் போனாள். "எங்க தண்ணி எங்கே" என்று தெருத்தெருவாகக் கத்தினார்கள். இமாரிக்குச் சபை ஆகாது. எங்கள் வாசலைத் தாண்டும்போது ஒலிபெருக்கியை எங்கள் பக்கம் திருப்பி, "உள்ள ஜெபம் பண்ணிட்டிருக்கிறவங்க, வெளிய வெயில் அடிக்குது, வந்து பாருங்க" என்பாள். பாஸ்டர் முதல் வாரமே அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார். அடுத்த வாரம் நானும் போனேன். கையுறையைக் கழற்ற மறந்துவிட்டேன்; பிள்ளைகள் அதைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

மேயர் கார்லண்ட் ஸ்டோவல் வருத்தம் தெரிவித்தார். குளத்தைத் திறப்பது பற்றி ஆராய ஒரு குழு போட்டார். குழு கூடவே இல்லை.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை வேதபாட வகுப்புக்கு லட்ரீஸ் வந்தாள். தொழிற்சாலைச் சீருடையில், தலையில் வலைத்தொப்பியோடு. அடக்கத்துக்குப் பிறகு அவள் சபைக்குள் கால் வைப்பது அன்றைக்குத்தான். நாங்கள் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். அவள் உட்காரவில்லை.

"பாஸ்டரம்மா, அன்னிக்கு நீங்க சொன்னது. அவர் எம் புள்ளகூட தண்ணிக்குள்ள இருந்தார்னு. அது நெஜமா, இல்ல ஆறுதலுக்குச் சொன்னதா?"

"நெஜம்" என்றார் பாஸ்டர். "ஆறுதலுக்குன்னா இதைவிட லேசா ஏதாவது சொல்லியிருப்பேன்."

லட்ரீஸ் வலைத்தொப்பியைக் கழற்றினாள். "நான் ஞானஸ்நானம் எடுத்ததில்ல. சின்ன வயசுல பயம். அப்புறம் நேரமில்ல. இப்ப எடுத்துக்கிறேன். ஆனா இங்க இருக்கிற தொட்டியில வேணாம். பூங்காவுல. அந்தப் புல்லு மேல."

"ஏன் அங்க?"

"அவன் எறங்கியிருக்க வேண்டிய எடம் அதுதானே. அவன் சார்பா யாராவது ஒருத்தர் எறங்கணும்."

டீக்கன் ஓசெல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "லட்ரீஸம்மா, உன் துக்கத்துக்கு முன்னால நான் பேசக் கூடாது. ஆனாலும் பேசித்தான் ஆகணும். ஞானஸ்நானம் ஆத்துமாவுக்கானது. நகராட்சிக்கு இல்ல. அதைக் கொண்டுபோய் டிவி கேமரா முன்னாடி காட்டுற போர்டு ஆக்கிடாதீங்க."

"அது சரியான பயம்தான்" என்றார் பாஸ்டர். "அதனால மனசார வர்றவங்களுக்கு மட்டும்தான் குடுப்பேன். எண்ணிக்கைக்கு ஆள் சேர்க்க மாட்டேன். ஆனா டீக்கன், ஆத்துமா மட்டும் நனைஞ்சா போதும்னா, நாம எதுக்கு ஆளையே முழுசா முக்குறோம்? நாலு சொட்டு தெளிச்சிட்டுப் போயிருக்கலாமே, மெத்தடிஸ்ட்காரங்க மாதிரி."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். டீக்கன் சிரிக்கவில்லை. "நீ படிச்சிட்டு வந்த காலேஜ்ல கடவுள் கறுப்புன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. எனக்குத் தெரியும். கடவுளுக்கு நிறம் கிடையாதும்மா."

"கிடையாதுன்னா, நான் வர்ற வரைக்கும் அந்தச் செவுத்துல நீலக் கண்ணோட தொங்குனது யாரு?"

"அது என் அப்பா வாங்கிக் குடுத்த கர்த்தர் படம்."

"அதான் அதைத் தூக்கி எறியாம உங்க வீட்டுக்கு அனுப்பி வெச்சேன். டீக்கன், நான் சொல்றது தோல் கணக்கு இல்ல. எகிப்துல அடிமைங்க பார்வோன் ராஜாவுக்குச் செங்கல் சுட்டப்ப கர்த்தர் அரமனையில உட்கார்ந்திருக்கலை, சேத்துல நின்னார். மிதிபடுறவங்க பக்கம்தான் அவர் நிக்கிறார். அப்படின்னா இந்த ஊர்ல அவர் எந்த நிறத்துல நிக்கிறார்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?"

"எல்லாரும் அவர் புள்ளைங்கதான்."

"எல்லாரும்தான். ஆனா ஒரு புள்ள இன்னொரு புள்ளையோட தலையைத் தண்ணிக்குள்ள அழுத்திப் பிடிச்சா, தகப்பன் நடுவுல நின்னு ரெண்டு பேருக்கும் சமமா கை தட்ட மாட்டான்."

டீக்கன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். லட்ரீஸ் இவ்வளவையும் நின்றபடியே கேட்டாள். "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு" என்றாள்.

பூங்கா அலுவலகத்தில் அனுமதி கேட்டோம். தரவில்லை. "அனுமதியில்லாமப் பண்ணலாமா?" என்று நான் கேட்டேன். "பார்வோன்கிட்ட ஒரு தரம் கேட்டாச்சு, சிஸ்டர் வெர்டெல்" என்றார் பாஸ்டர். அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு என்னவோ முதுகு நிமிர்ந்தது.

தொட்டி வேண்டும். இமாரியின் மாமா மாடு வளர்க்கிறவர். அவரிடம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பெரிய வட்டத் தகரத் தொட்டி இருந்தது. இமாரியே அதை டிரக்கில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"உங்க சாமி மேல எனக்கு நம்பிக்கையில்ல, பாஸ்டர்" என்றாள்.

"தொட்டி ஒழுகாதுன்னு நம்பிக்கை இருக்கா?"

"அது இருக்கு."

"இன்னிக்கு அது போதும்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாட்டுப் பாடிக்கொண்டே பூங்காவுக்கு நடந்தோம். பாடகர் குழு முன்னால். நடுவே வெள்ளை அங்கியில் லட்ரீஸ், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு. பின்னால் இமாரியின் பிள்ளைகள். பாட்டுத் தெரியாத இடத்தில் அவர்கள் கை தட்டினார்கள். புல்தரைக்குப் போனால், அங்கிருந்த தண்ணீர்க் குழாயின் திருகைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வெறும் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். நாங்கள் திரும்பிப் போவதைப் படம் எடுக்க ஆயத்தம்.

பாஸ்டர் குழாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "உங்க வீட்டுல எல்லாம் குழாய் இருக்கில்ல?" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஜனங்கள் கலைந்து ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் நாங்கள் குடியிருக்கும் மேற்குத் தெருவிலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. பால் கேன்களில் தண்ணீர், வாளிகளில் தண்ணீர், மீன் பொரிக்கும் அண்டாவில் தண்ணீர். ஒரு குடும்பம் குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியோடு நிறைத்துத் தூக்கிக்கொண்டு வந்தது. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வாங்கிவந்து ஊற்றியவர்களும் உண்டு. இமாரியின் பிள்ளைகள் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். சபைக்கு வராதவர்கள், சபையை விட்டு விலகியவர்கள், போன வருடம் என்னோடு சண்டை போட்டுக்கொண்ட என் சித்தி மகள் எல்லோரும் அந்த வரிசையில் நின்றார்கள். ஆனாலும் தொட்டி பெரியது. தண்ணீர் முழங்காலுக்கு வந்து நின்றுவிட்டது.

அப்போது ஒரு பழைய டிரக் புல்லின்மேலேயே ஏறி வந்தது. பின்னால் தோட்டத்துக்கு விடும் பெரிய பிளாஸ்டிக் டாங்கி, விளிம்பு வரை தளும்பிக்கொண்டு. ஓட்டிவந்தவர் டீக்கன் ஓசெல். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் சூட்டும் அப்படியே.

இறங்கி நேராகப் பாஸ்டரிடம் வந்தார். "நான் இதுக்கு ஒத்துக்கலை."

"தெரியும், டீக்கன்."

"ஆனா முழங்கால் தண்ணியில ஞானஸ்நானம் குடுத்தா பாப்டிஸ்ட் சபைக்கே கேவலம். ஓஸைப் புடி."

பாஸ்டர் அந்த ரப்பர் குழாயைப் பிடித்தார். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது.

பாஸ்டர் முதலில் இறங்கினார். பிறகு நான் லட்ரீஸை ஏணி வழியாக ஏற்றிவிட்டேன். விளிம்பில் அவள் நின்றுவிட்டாள். மகன் போனதிலிருந்து அவள் தொட்டியில் குளிக்கவில்லை; முகத்தில் தண்ணீர் பட்டாலே மூச்சு அடைக்கிறது என்று முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். "வேணாம்னா இறங்கிடலாம், கண்ணு" என்றேன். "இல்லக்கா" என்றாள். ஒரு காலை வைத்தாள். அடுத்ததையும் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் போலீஸ் வண்டிகள் வந்தன. முதல் வண்டியிலிருந்து சார்ஜெண்ட் ஆம்ப்ரோஸ் லீ இறங்கினான். எங்கள் பிள்ளைதான். ஆறு வருடம் என் பஸ்ஸில் வந்தவன். எங்கள் சபைத் தொட்டியில் முங்கி எழுந்தவன்.

"பாஸ்டர், பூங்காவுல நீச்சல் தொட்டி வெக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. எல்லாரும் வெளிய வாங்க."

"நாங்க நீந்தலை, சார்ஜெண்ட்" என்றார் பாஸ்டர் தண்ணீருக்குள்ளிருந்து. "நாங்க செத்து எழுந்திருக்கிறோம். அதுக்குச் சட்டம் ஏதாவது இருக்கா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. அவன் நெற்றியெல்லாம் வியர்வை. "எனக்கு உத்தரவு வந்திருக்கு, பாஸ்டர். கஷ்டப்படுத்தாதீங்க."

"உன் உத்தரவை நீ செய்யி. நான் என் உத்தரவைச் செய்யிறேன். இந்தம்மா யாருன்னு தெரியுமில்ல?"

ஆம்ப்ரோஸ் லட்ரீஸைப் பார்த்தான். குவாரியிலிருந்து பையனைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன்.

"ஏம்ப்பா ஆம்ப்ரோஸ்" என்றேன் நான். "ரெண்டு நிமிஷம் நின்னா உன் வேலை போயிடுமா?"

அவன் பின்னால் திரும்பி மற்றப் போலீஸ்காரர்களிடம் ஏதோ சொன்னான். அவர்கள் நின்றார்கள். அவன் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டான்.

பாஸ்டர் ஒரு கையை லட்ரீஸின் முதுகிலும் மறு கையை அவள் மார்பின்மேல் கோத்த கைகளின் மீதும் வைத்தார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லிச் சாய்த்தார். அவள் மறைந்தாள். வெள்ளை அங்கி மட்டும் மேலே விரிந்தது. வழக்கமாக முக்கியதும் தூக்கிவிடுவோம். லட்ரீஸ் எழவில்லை. பாஸ்டரின் மணிக்கட்டை அவள் கை பிடித்திருந்தது, பொறு என்பதைப் போல. பிறகு அவளே காலை ஊன்றி எழுந்தாள். தலையிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாயை அகலத் திறந்து மூச்சை இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். அழவில்லை. "இருந்தார்" என்றாள் பாஸ்டரிடம். எனக்குக் கேட்டது.

பாடகர் குழு ஆரம்பித்த பாட்டு ஊரெல்லாம் கேட்டிருக்கும். ஜகோபியோடு குவாரிக்குப் போன மூன்று பையன்களில் ஒருவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஏணியில் ஏறினான். அவன் அப்பா தடுக்கவில்லை. பாஸ்டர் அவனைக் கேட்க வேண்டியதைக் கேட்டு, அவனுக்கும் கொடுத்தார். அதன் பிறகு தானே இறங்கிவந்து, சொட்டச் சொட்ட, ஆம்ப்ரோஸின் முன்னால் இரண்டு கையையும் நீட்டினார்.

"தண்ணி ஊத்துனது நான்" என்று டீக்கன் ஓசெல் முன்னால் வந்தார். "என்னையும் ஏத்து."

"டீக்கன் ஐயா, உங்க பேரு உத்தரவுல இல்ல."

"எழுதிக்கோ. டார்வர். ஓசெல்."

அவர் போகும்போது நான் மட்டும் நிற்பதா? நானும் ஏறினேன்.

வேனுக்குள் எதிரெதிர் பெஞ்சு. பாஸ்டரின் அங்கியிலிருந்து தண்ணீர் ஓடித் தரையெல்லாம் குளமாகிவிட்டது. டீக்கனின் சூட் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார் பாஸ்டர். "நான் பண்ணது தப்புன்னுதானே சொன்னீங்க?"

"இப்பவும் தப்புன்னுதான் சொல்றேன். உன் பாடம் தப்பு. ஆனா தன் பாஸ்டரைப் போலீஸ் வேன்ல தனியா அனுப்புற சபை இது இல்ல. அது வேற, இது வேற."

"கர்த்தரும் அப்படித்தான், டீக்கன். வேன்ல ஏத்துறவங்களோட வர மாட்டார். ஏறுறவங்களோடதான் வருவார். அதைத்தான் நான் மூணு வருஷமா சொல்றேன்."

"இங்கயும் பிரசங்கமா? கையில விலங்கு போட்ட மாதிரி வாயிலயும் ஒண்ணு போடச் சொல்லியிருக்கணும்."

முன்னால் உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோஸின் தோள் குலுங்கியது. காவல் நிலையம் வரும்வரை இரண்டு பேரும் நிறுத்தவில்லை. எகிப்தில் தொடங்கி கல்வாரிச் சிலுவை வரைக்கும் போய்விட்டார்கள். எனக்குப் பயமாகவே இல்லை. கை விரல் ரேகை எடுக்க வந்த பையன் பாஸ்டரின் விரல்கள் ஊறிச் சுருங்கியிருப்பதால் ரேகை விழவில்லை என்று புலம்பினான். வெளியே எங்கள் ஜனங்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். இருட்டுவதற்குள் விட்டுவிட்டார்கள். வாசலில் இமாரி வறுத்த மீனும் சோள ரொட்டியும் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

"சாமி மேல இன்னும் நம்பிக்கை வரலை" என்றாள் பாஸ்டரிடம்.

"மீன் யாரு பொரிச்சது?"

"எங்க அம்மா."

"அப்ப குடு."

வழக்கை நீதிபதி ஒரே விசாரணையில் தள்ளுபடி செய்தார். ஆனால் அதோடு குளம் வந்துவிடவில்லை. நகராட்சி மன்றம் தீர்மானத்தைத் தோற்கடித்தது. மறுபடி கொண்டுவந்தோம், மறுபடி தோற்கடித்தது. அதனால் தேர்தல் வந்தபோது இமாரியும் சபைப் பெண்களும் ஜோடி ஜோடியாக வீடு வீடாகப் போனார்கள். இமாரியோடு போக யாருக்கும் துணிச்சல் இல்லை. டீக்கன் ஓசெல் போனார். படியேறும் முன்னால் அவர் ஒரு சின்ன ஜெபம் செய்வார். அது முடியும்வரை அவள் காலைத் தரையில் தட்டிக்கொண்டு நிற்பாள். அந்த ஜோடிதான் அதிகம் பேரை வாக்குச்சாவடிக்குக் கொண்டுவந்தது. மன்றத்தில் இரண்டு இடங்கள் கைமாறின. மேயர் ஸ்டோவல் மயிரிழையில் தப்பினார். அதனால் அவருக்கும் காது கேட்க ஆரம்பித்தது.

புதிய மன்றத்தின் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. கைத்தட்டல் அடங்கியதும் மேயர் எழுந்து, பெரிய மனசோடு ஒன்றைச் சொன்னார். குளத்துக்கு ஜகோபி ஹாலின்ஸின் பெயரை வைக்கலாம், வாசலில் வெண்கலத்தில் பொறிக்கலாம் என்றார்.

லட்ரீஸ் ஒலிபெருக்கிக்கு நடந்து போனாள்.

"என் புள்ள பேரு எங்கயும் வேணாங்க" என்றாள். "வெண்கலத்துக்குப் போற காசுல உயிர் காக்குற ஆளுங்களப் போடுங்க. ரெண்டு பேரு இல்ல, கூட்டம் எவ்வளவோ அதுக்குத் தக்கன. நீச்சல் சொல்லிக்குடுக்க வாத்தியாருங்களப் போடுங்க. காசு வாங்கக் கூடாது. வேலை முடிஞ்சு வர்ற பெத்தவங்களும் எறங்குற மாதிரி சாயங்காலம் வரைக்கும் தொறந்து வெக்கணும். எம் புள்ள பேரை நீங்க தெனம் பாத்துட்டுப் போறதுக்காக நான் வரலை. அவன் வயசுப் புள்ளைங்க வீட்டுக்குத் திரும்பிப் போறதுக்காக வந்திருக்கேன்."

அவள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்மானத்தில் சேர்த்தார்கள்.

தோண்டுவதற்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆயிற்று. பள்ளி விடும் நேரத்தில் பஸ்ஸைப் பூங்கா ஓரமாகக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவேன். பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஜன்னலில் ஒட்டிக்கொள்வார்கள். செம்மண்ணுக்கு அடியிலிருந்து வெளிர் நீலச் சுவர் எட்டிப் பார்த்த அன்று போட்ட கூச்சலில் என் காது அடைத்துவிட்டது. பழைய சுவரில் விரிசல் இருந்தது. அதை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள்.

இந்த மாதங்களில் லட்ரீஸ் வேறொரு காரியம் செய்தாள். வாரத்தில் இரண்டு நாள், தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து, பக்கத்து ஊர்க் கல்லூரியின் நீச்சல் குளத்துக்கு பஸ் பிடித்துப் போனாள். முதலில் தலையை முக்கவே ஒரு மாதம் பிடித்தது. பிறகு மிதந்தாள். பிறகு நீந்தினாள். உயிர் காக்கும் பயிற்சித் தேர்வில் முதல் தடவை தோற்றாள். குளத்தின் அடியில் போட்ட செங்கல்லை மூழ்கி எடுத்துவர முடியவில்லை. இரண்டாம் தடவை எடுத்துவந்தாள். எங்களில் யாரிடமும் சொல்லவில்லை. கோடை வந்து, நகராட்சி ஆள் எடுத்தபோதுதான் தெரிந்தது.

திறப்பு நாளில் ஜனம் குளத்தைச் சுற்றி நெருக்கி நின்றது. பாஸ்டர் ஜெபித்தார், சுருக்கமாக, அவருக்கு அது அபூர்வம். பிள்ளைகள் வேலி இல்லாத அந்த விளிம்பில் வரிசையாக நின்றார்கள், உத்தரவுக்காகக் காத்து. உயரமான வெள்ளை நாற்காலியில் சிவப்பு நீச்சல் உடையும் தொப்பியுமாக லட்ரீஸ் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் விசில். அவள் தலையசைத்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் குதித்தார்கள்.

டீக்கன் ஓசெல் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்து காலை நனைத்தார். இமாரி அவர் மீது தண்ணீர் தெறிக்கும்படி வேண்டுமென்றே பக்கத்தில் குதித்தாள். நான் ஐம்பத்தெட்டு வயதில் ஆழமில்லாத பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கப் பழகினேன். வாத்தியாராக வந்த பெண் என்னைவிட முப்பது வயது சின்னவள். என்னை விரட்டு விரட்டென்று விரட்டினாள்.

அப்போது விசில் ஒலித்தது. நீளமாக, இரண்டு தரம். பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேயர் ஸ்டோவல் புகைப்படக்காரர்களை அழைத்துக்கொண்டு, பளபளக்கும் தோல் காலணியோடு ஈரத்தளத்தின்மேல் நடந்து வந்துகொண்டிருந்தார்.

"ஷூவைக் கழட்டுங்க" என்றாள் லட்ரீஸ் மேலே இருந்து.

மேயர் சிரித்தபடி அண்ணாந்து பார்த்தார். "நான் மேயர்ம்மா."

"தெரியுது. வழுக்கும். கழட்டுங்க."

அவர் ஒரு காலில் நின்று, புகைப்படக்காரன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினார். காலுறையையும் கழற்றும்வரை லட்ரீஸ் மறுபடி வாயில் வைத்த விசிலை எடுக்கவில்லை. பிறகு பார்வையைத் தண்ணீர்மேல் திருப்பி, தலைகளை எண்ண ஆரம்பித்தாள்.